தீப்பெட்டிக் கணக்கு

கொலுப் பொம்மைகளுக்காகப் பரணில் ஏறினால், பொம்மைகளோடு வேறு சிலவும் இறங்கி வந்துவிடும். இம்முறை எங்கள் வீட்டில் இறங்கி வந்தவை 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் நாட்குறிப்பேடுகள். முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் பற்றும் வரவும் எழுதியவனுக்கு, ஓய்வு பெற்ற பின்பும் அன்றாடச் செலவைக் குறித்து வைக்காமல் உறக்கம் வருவதில்லை. பால் இவ்வளவு, காய்கறி இவ்வளவு, மருந்து இவ்வளவு என்று நாளுக்கு ஒரு பக்கம். தூசியைத் தட்டிவிட்டு ஏணியின் மேல்படியிலேயே அமர்ந்து புரட்டத் தொடங்கினேன். பொம்மையை வாங்கிக்கொள்ளக் கீழே கையை நீட்டியபடி நின்றிருந்த என் மனைவி வெகுநேரம் காத்திருக்க நேர்ந்தது.

2020, ஏப்ரல் 4: தீப்பெட்டி, 1 ரூபாய். இதில் பிழையில்லை. மறுநாள் இரவு 9 மணிக்கு 9 நிமிடங்கள் மின்விளக்குகளை அணைத்துவிட்டு அகல் ஏற்றுமாறு பிரதமர் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காக வாங்கியது. ஜூன் மாதத்துப் பக்கங்களுக்கு வந்தபோதுதான் திடுக்கிட்டேன். ஜூன் 3, தீப்பெட்டி. ஜூன் 5, தீப்பெட்டி. ஜூன் 6, கறிவேப்பிலையும் தீப்பெட்டியும். இப்படியே ஆகஸ்டு இறுதி வரை எண்ணிக் கூட்டினேன். 41 தீப்பெட்டிகள். எங்கள் வீட்டில் இருப்பவர் இருவர். காலையும் மாலையும் சுவாமி விளக்கு ஏற்ற ஒரு பெட்டி மூன்று வாரத்திற்கு வரும்.

அப்போதே இது பிடிபட்டுவிட்ட செய்திதான். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் அவற்றைச் செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கி வைத்துவிட்டு, “என்னங்க, கோவில்பட்டிக் கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்திருக்கீங்களா?” என்று என் மனைவி கேட்டதும், அதற்கு நான் மறுமொழி கூறாமல் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

தீப்பெட்டி எனக்குத் தேவைப்படவில்லை. தெருமுனை வரை நடந்து செல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. 1 ரூபாயில் கிடைக்கக்கூடிய காரணம் அதைவிட வேறில்லை. கடைக்குச் செல்லும் வழியில் அரசமரத்தடிப் பிள்ளையார் கோயில். கோயிலின் கம்பிக்கதவு அடைத்திருந்தது. மரத்தைச் சுற்றிய மேடையை யாரும் அடைக்கவில்லை. அங்கே மாலை 5 மணியளவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பால் வாங்கச் செல்வதாகக் கூறிக்கொண்டு வருவார். மின்வாரியத்தில் கணக்கராக இருந்த இன்னொருவர், பூனையைத் தேடுவதாகச் சொல்லி வருவார். அவரிடம் பூனை இருந்ததா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

முதல் வாரம் ஆறடி இடைவெளி விட்டு நின்றோம். இரண்டாம் வாரம் மேடையில் அமர்ந்தோம். மூன்றாம் வாரம் முகக்கவசங்கள் தாடைக்கு இறங்கின; தலைமையாசிரியருக்குக் காது சற்று மந்தம், முகக்கவசத்தோடு பேசினால் விளங்கவில்லை என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஜூன் 24 முதல் மதுரையில் ஊரடங்கைக் கடுமையாக்கினார்கள். அந்நாள்களிலும் விட்டுவிட்டு நான்கு தீப்பெட்டிகள் என் கணக்கில் இருக்கின்றன.

நாங்கள் அறியாதவர்கள் அல்லர் என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். தலைமையாசிரியர் அறிவியல் பாடம் நடத்தியவர். தொற்றுச் சங்கிலியை எப்படி அறுப்பது என்று தெருப் பிள்ளைகளுக்கு அவரே விளக்கியிருக்கிறார். எனக்கோ கூட்டுவட்டி கைவந்த கணக்கு. ஒருவர் இருவருக்கும், அவ்விருவர் நால்வருக்கும் கொடுத்தால் முப்பதாம் நாள் என்ன ஆகும் என்பதை எனக்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. அச்சமும் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மாலையும் ஏழு மணிச் செய்தியில் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு நெஞ்சு படபடக்கப் படுத்தவர்கள்தாம் நாங்கள். அறிவும் அச்சமும் இருந்தும் மறுநாள் ஐந்து மணிக்குக் கால்கள் மேடைக்குச் சென்றன. அந்த மாலைப் பொழுது போகவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். அந்நாள்களில் வெளியே வந்த எல்லோரையும் நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை. வேலையிழந்து, கைக்குழந்தையோடு நெடுஞ்சாலையில் நடந்தவர்கள் உண்டு. காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், விடியுமுன் தெருவைக் கூட்டிய தூய்மைப் பணியாளர்கள் உண்டு. அவர்களுக்குப் பசியும் கடமையும் இருந்தன. சலிப்பதற்கு நேரம் இல்லை. மாதக் கடைசியில் ஓய்வூதியம் தவறாமல் வந்துசேர்ந்த எங்களைப் போன்றவர்களுக்குத்தான் சலிப்பு என்னும் நோய் முதலில் வந்தது. அக்காலத்தில் ஊரைக் குறைகூறியவர்களிலும் நாங்களே முந்தி நின்றோம். டாஸ்மாக் கடைகள் மே 7-ஆம் நாள் திறந்தபோது அங்கு நின்ற வரிசையைத் தொலைக்காட்சியில் கண்டு, “இந்த ஜனங்களுக்குச் சொன்னால் புரிகிறதா?” என்று மேடையில் நெருங்கி அமர்ந்து அலுத்துக்கொண்ட காட்சியை நினைத்தால் இப்போது நாணமாக இருக்கிறது.

பதஞ்சலி முனிவர் யோக நெறிக்கு இடையூறாக வருபவற்றை வரிசைப்படுத்தும்போது முதலில் நோயை வைக்கிறார். அதற்கு அடுத்தபடியாக வைப்பது மனத்தின் மந்த நிலையை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சொற்பொழிவில் இதனைக் கேட்டபோது, உடல் நோய்க்குப் பக்கத்தில் இது ஏன் வந்து அமர்கிறது என்று விளங்கவில்லை. அந்த ஆண்டில் விளங்கியது. நோய்க்குப் பயந்து அறைக்குள் அமர்ந்தால், அடுத்த நாற்காலியில் அது வந்து அமர்ந்துகொள்கிறது.

பரீட்சித்து மன்னனின் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. வேட்டையில் களைத்து, மௌன விரதம் பூண்டிருந்த சமீக முனிவரின் தோளில் செத்த பாம்பைப் போட்டான்; ஏழாம் நாள் தட்சகன் தீண்டுவான் என்று முனிவரின் மைந்தன் சபித்தான். அதற்குப் பிறகு அந்த ஏழு நாள்களை மன்னன் எவ்வாறு கழித்தான் என்பதில் மகாபாரதம் ஒன்று கூறுகிறது. பாகவதம் வேறு கூறுகிறது. நாம் பெரும்பாலும் பாகவதம் கூறுவதையே கேட்டுப் பழகியவர்கள். ஊரடங்கு நாள்களில் எனக்கு மற்றதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் மன்னன் அமைச்சர்களோடு கலந்து, ஒற்றைத் தூணின் மேல் ஒரு மாளிகையைக் கட்டுவித்து அதற்குள் புகுந்துகொள்கிறான். சுற்றிலும் இரவு பகலாகக் காவல். மருத்துவர்களும் மருந்துகளும் ஆயத்தமாக நிற்க, மந்திரம் வல்லவர்கள் சூழ்ந்திருக்கிறார்கள். இன்றைய சொல்லில் கூறினால் இதைவிடச் சிறந்த தனிமைப்படுத்தல் இருக்க முடியாது. முதல் நாள் கழிந்தது, ஆறாம் நாளும் கழிந்தது. ஏழாம் நாளும் மாலைக்கு வந்தது. தவசிகளின் வேடத்தில் வந்தவர்கள் கொடுத்த கனிகளை மன்னன் அமைச்சர்களோடு அமர்ந்து உண்ணத் தொடங்குகிறான். அவன் எடுத்த கனியில் ஒரு சிறு புழு இருந்தது. சூரியன் மறைந்துகொண்டிருக்கிறது. இனி எனக்கு அச்சமில்லை, முனிவரின் வாக்குப் பொய்க்க வேண்டாம், இந்தப் புழுவே தட்சகனாகி என்னைக் கடிக்கட்டும் என்று நகைத்தபடி அதை எடுத்துத் தன் கழுத்தில் தானே வைத்துக்கொள்கிறான்.

அந்த நகைப்பை எண்ணிப் பாருங்கள். மன்னன் அறியாமையால் அதைச் செய்யவில்லை. சாபத்தை ஒவ்வொரு எழுத்தாக அறிந்தவன். காவலில் ஒரு குறையும் இல்லை. வியாசர் அவன் மனநிலையை விதியின் தூண்டுதல் என்று முடித்துவிடுகிறார். நான் வேறொன்றையும் அங்கே காண்கிறேன். ஏழு நாள்கள் ஒற்றைத் தூணின் மேல் அமர்ந்திருந்தவனுக்கு ஆபத்தோடு விளையாடிப் பார்க்க வேண்டும் என்று ஓர் அரிப்பு தோன்றியிருக்க வேண்டும். உரைகாரர்கள் யாரும் இவ்வாறு பொருள் கொண்டதாக நான் சொல்ல வரவில்லை. வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஓர் ஓய்வூதியக்காரனின் பொருள் இது.

அந்த அரிப்பு வெறும் கற்பனையன்று என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோதி வில்சன் என்னும் உளவியலாளரும் உடனிருந்தோரும் 2014-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. ஒருவரை வெறும் அறையில் 15 நிமிடம் தனியே அமரவைத்தார்கள். கைப்பேசியும் புத்தகமும் கிடையாது. பக்கத்தில் ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அழுத்தினால் மின்சாரம் சுரீரென்று தாக்கும். இத்தாக்குதலைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் ஆயத்தம் என்று முன்பே கூறியிருந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அந்தப் பதினைந்து நிமிடத்திற்குள் பொத்தானைத் தாமே அழுத்திக்கொண்டார்கள். சும்மா இருப்பதைவிட வலி மேலென்று தோன்றியிருக்கிறது. ஆண்கள் மிகுதி என்பதைப் படித்துக் காட்டியபோது என் மனைவிக்கு வியப்பொன்றும் ஏற்படவில்லை.

பெருந்தொற்றுக் காலத்திலேயே இதனை ஆராய்ந்தவர்களும் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டாங்கர்ட் முதலிய உளவியலாளர்கள், எளிதில் சலிப்படையும் இயல்புடையவர்களே இடைவெளி விதிகளை மிகுதியாக மீறினார்கள் என்று கண்டார்கள். ஓராண்டு கழிந்த பின்பும் அந்தத் தொடர்பு மாறவில்லை. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவும் 2020 அக்டோபரில் ‘பெருந்தொற்றுச் சோர்வு’ என்ற ஒன்றைப் பற்றித் தனியே ஓர் அறிக்கை வெளியிட்டு, நீண்ட நாள் நெருக்கடியில் மக்கள் தளர்வது எதிர்பார்க்க வேண்டிய இயல்பே என்றும், அவர்களைக் குற்றம் சாட்டுவதைவிட ஆபத்துக் குறைந்த வழிகளில் வாழ்க்கையை நடத்திக்கொள்ள இடம் தர வேண்டும் என்றும் அரசுகளுக்கு எடுத்துரைத்தது.

வாழ இடம் தருவது எப்படி? இறைவனே நோயுற்று ஒதுங்கியிருக்கும் தலம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. பூரியில் ஜேஷ்ட மாதப் பௌர்ணமியன்று ஜகந்நாதருக்கும் பலபத்திரருக்கும் சுபத்திரைக்கும் 108 குடம் நீரால் திருமஞ்சனம் நடக்கும். அத்தனை நீரும் ஆடியதால் மூவருக்கும் காய்ச்சல் கண்டுவிட்டதாக ஐதிகம். அதன்பின் சுமார் பதினைந்து நாள்கள் அனவசரம். தைதாபதிகள் என்னும் சேவகர்கள் மட்டுமே அருகில் செல்வார்கள். கனிகளே நிவேதனம். மூலிகைத் தைலமும் மருந்தும் சாத்துவார்கள். பக்தர்களுக்குத் தரிசனம் கிடையாது. அது முடிந்து, இளமை திரும்பிய திருக்கோலத்தில் காட்சி தந்த பிறகே தேரோட்டம்.

இதில் என் மனத்தைத் தொட்டது, கதவை அடைத்தவர்கள் பக்தனை வெறுமனே திருப்பி அனுப்பவில்லை என்பதுதான். திருமேனிகளுக்கு முன்பாகத் துணியில் தீட்டிய திருவுருவங்களைத் தொங்கவிட்டு, அவற்றை வணங்கிக்கொள் என்கிறார்கள். அதுவும் போதாதவர்களுக்குப் பக்கத்திலுள்ள பிரம்மகிரியில் அலர்நாதர் இருக்கிறார். அனவசர நாள்களில் அங்கே சென்று வணங்கினால் ஜகந்நாதரையே கண்டதாகும் என்பது நம்பிக்கை. பிரிவைத் தாங்காத சைதன்ய மகாபிரபு அங்கேதான் சென்று விழுந்தார் என்கிறார்கள். அவ்வூர்ப் பால் பாயசத்திற்கு ஒடிசா முழுவதும் பெயர் உண்டு. அலர்நாதர் என்பதே ‘ஆழ்வார்நாதர்’ என்பதன் திரிபு என்று கூறுவோரும் இருக்கிறார்கள். பதினைந்து நாள் கதவடைப்பு ஆண்டுதோறும் நடந்தும் அதனை யாரும் உடைத்துக்கொண்டு போகாததற்கு, பக்தி ஒரு காரணம். போவதற்கு வேறோர் இடமும் செய்வதற்கு ஒரு காரியமும் இருந்தது இன்னொரு காரணம் என்று தோன்றுகிறது.

என் தந்தையின் கிராமத்திலும் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டி இராத் தங்கக் கூடாது. சிறுவனாக இருந்தபோது எனக்கு அது அடைப்பாகத் தோன்றியதே இல்லை. அந்த நாள்கள் முழுவதும் வீட்டின் இருண்ட மூலையில் முளைப்பாரி வளரும். என் அத்தை அதற்குப் பொழுது தவறாமல் நீர் தெளிப்பார். எட்டிப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை. இரவு கும்மி, விடிந்தால் கூழ் காய்ச்ச வேண்டும். வெளியூர் செல்ல நேரம் ஏது? முன்னோர்கள் கிருமியியல் அறிந்தே இவற்றையெல்லாம் வகுத்தார்கள் என்று மேடையில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்குக் கிருமி தெரியாது. மனிதனை ஓரிடத்தில் இருத்த வேண்டுமானால் அவன் கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

அந்த ஏப்ரல் 5-ஆம் நாள் 9 நிமிட விளக்கையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அதனால் தொற்று குறைந்ததா என்று கேட்டால் குறைந்திராது. ஆனால், ‘செய்யாதே’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த காதுகளுக்கு ‘செய்’ என்று ஒரு சொல் வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீடு மிச்சமில்லாமல் விளக்கு எரிந்தது. மே 4-ஆம் நாள் மீனாட்சி திருக்கல்யாணமும் அப்படியே. கோயிலுக்குள் சிவாச்சாரியார்கள் சிலரே இருந்து நடத்த, மதுரை மக்கள் வீட்டில் திரையின் முன் அமர்ந்தார்கள். அம்மைக்கு மங்கல நாண் பூட்டிய அதே கணத்தில் என் மனைவி மனையில் அமர்ந்து புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். அன்று காலை முதலே மாக்கோலம், பூ, மஞ்சள், பாயசம் என்று அவளுக்கு ஓய்வில்லை. அன்றைய பக்கத்தில் தீப்பெட்டி இல்லை. அழகர் ஆற்றில் இறங்க வேண்டிய நாளிலோ, அவர் இறங்கவில்லை என்ற செய்தியைத் தவிர எங்கள் கையில் ஒன்றுமில்லை. வைகைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டாவது வருவோமா என்று தலைமையாசிரியர் தொலைபேசியில் கேட்டார். காவலர்களுக்கு அஞ்சி விட்டுவிட்டோம்.

பாகவதம் கூறும் பரீட்சித்து மாளிகை கட்டவில்லை. அரசைத் துறந்து கங்கைக் கரையில் வந்து அமர்கிறான். சுகர் வருகிறார். ஏழு நாள்களும் கேள்வியும் விடையும் கதையுமாக நிறைகின்றன. ஒரு நாள் மிச்சமிருக்கிறதா, இரண்டா என்று எண்ணிப் பார்க்கவும் அவனுக்கு நேரமில்லை. அவனும் பிழைக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. தட்சகன் இரு நூல்களிலும் வருகிறான். ஆனால் பாகவத மன்னன் புழுவைத் தன் கையால் எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் அன்றே எண்ணிப் பார்த்தேன். எண்ணியும் தீப்பெட்டி வாங்கினேன்.

2021-ஆம் ஆண்டின் நாட்குறிப்பு சற்று மெலிந்தது. பல பக்கங்கள் வெற்றுப் பக்கங்கள். மார்ச் 1-ஆம் நாள் முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. நாங்கள் மூவரும் ஒரே வாரத்தில் முதல் ஊசி போட்டுக்கொண்டோம். கோயில்கள் திறந்திருந்தன. தலைமையாசிரியர் அரசமரத்தடியில் முகக்கவசத்தைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, “இனி இதற்கு வேலையில்லை” என்று நகைத்தார். நானும் நகைத்தேன். சூரியன் மறைந்துவிட்டதென்று நாங்கள் எண்ணினோம். அடுத்த மாதம் இரண்டாம் அலை. ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கு. 26 முதல் கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதியில்லை. இவ்விரண்டுக்கும் இடையே ஏப்ரல் 22 வியாழக்கிழமை மாலை மேடையில் அமர்ந்திருந்தோம். பூனைக்காரர் அன்று வரவில்லை. இருவர் மட்டுமே.

ஏப்ரல் 26 காலையில் தீபாராதனை காட்டும்போது எனக்குக் கற்பூரத்தின் மணம் தெரியவில்லை. முதலில் கற்பூரத்தில் கலப்படம் என்று கடைக்காரரை வைதேன். என் மனைவி தன் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தட்டைக் கீழே வைத்தாள். நான் வீட்டிலேயே பதினான்கு நாள்கள் பின்கட்டு அறையில் கிடந்து எழுந்தேன். கதவருகே தட்டை வைத்துவிட்டு விலகிச் செல்லும் அவள் காலடி ஓசை மட்டும் கேட்கும். இறைவன் அருளால் அவளுக்கு வரவில்லை. தலைமையாசிரியருக்கு 27-ஆம் நாள் காய்ச்சல் கண்டது. எந்த மருத்துவமனையிலும் இடம் தேட வேண்டிய நாள்கள் அவை. மே மாதம் இரண்டாம் வாரத்தில் காலமானார். அப்போது முழு ஊரடங்கு. நான்கு தெரு தள்ளியிருந்தும் நான் போகவில்லை; போக இயலவில்லை.

அவரிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து அவருக்குச் சென்றதா, அன்றி வேறு இடங்களில் இருவருக்கும் தனித்தனியே வந்ததா என்பதற்கு விடையில்லை. வங்கியில் இருபுறமும் ஒத்துவராத தொகையை அனாமத்துக் கணக்கில் வைப்போம். என்றேனும் சீட்டுக் கிடைத்தால் நேர்செய்துகொள்ளலாம் என்பது அதன் நோக்கம். இது அங்கேயே இருக்கிறது.

ஓராண்டு நிறைவுக்குச் சென்றிருந்தேன். படத்திற்கு முன் வணங்கிவிட்டு எழுந்தபோது அவருடைய மனைவியார் மோர் கொண்டுவந்து கொடுத்தார். வயதில் மூத்தவர், என்னைத் தம்பி என்றே அழைப்பவர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தம்பி, கடைசியா மரத்தடிக்கு வந்த அன்னிக்கு அவர் உங்ககிட்ட என்ன பேசினார்? வீட்டுக்குள்ள வரும்போதே முகமெல்லாம் சிரிப்பா இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். அப்புறம் சொல்றேன்னார். அப்புறம் சொல்லவே இல்லை.”

எனக்கு நினைவில்லை. எவ்வளவோ முயன்றேன். மழை வருமா என்று பேசியிருப்போம். அகவிலைப்படி பற்றிப் பேசியிருப்போம். பூனையைப் பற்றிக் கூடச் சொல்லிச் சிரித்திருக்கலாம். “நினைவு வந்தால் வந்து சொல்கிறேன் அக்கா” என்று கூறிவிட்டு வந்தேன். அதற்குப் பின் அவரை வழியில் காணும்போதெல்லாம் அந்தக் கேள்வி அவர் கண்ணில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவர் மீண்டும் கேட்டதில்லை.

ஏணியின் மேல் அமர்ந்து இரண்டாவது ஏட்டை எடுத்ததும் அதற்காகத்தான். ஏப்ரல் 22-ஆம் நாள் பக்கத்தைப் புரட்டினேன். ஏதாவது ஒரு சொல் குறித்து வைத்திருப்பேன் என்று ஒரு நம்பிக்கை. நீலமையில் என் கையெழுத்து தெளிவாகவே இருந்தது.

தீப்பெட்டி, 1 ரூபாய்.